டெக்சாஸ் 2008: திருட்டு இல்லை, வகுத்தல் கணக்கு

மறுபடியும் இணையத்தில் அந்த அட்டையை (வாசகம் போட்ட படம்) சுற்றவிட்டிருக்கிறார்கள். "டெக்சாஸில் ஜெயித்தது ஹிலரி, டெலிகேட்டை அள்ளியது ஒபாமா. இதுதான் ஜனநாயகக் கட்சியின் ஜனநாயகம்!" அதை நான் போட்ட டெலிகேட் கணக்கு அட்டவணைக்குக் கீழேயும் கொண்டுவந்து ஒட்டி, கூடவே எனக்கு "ஒபாமா பஜனை கோஷ்டி" என்று ஒரு பட்டம். நல்லது, வைத்துக்கொள்கிறேன். 2008-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஹிலரியும் ஒபாமாவும் மோதிய உட்கட்சித் தேர்தல் அது. டெலிகேட் என்றால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதி. இப்போது கணக்கு.

மாநில சதவீதத்தை எடுத்து மொத்த டெலிகேட்டோடு பெருக்காதீர்கள். எத்தனை தடவைதான் சொல்வது? ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளில் பெரும்பகுதி தொகுதிவாரியாகத்தான் பிரிகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அது காங்கிரஸ் தொகுதி (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி). டெக்சாஸில் அன்று மாநில செனட் (மேலவை) தொகுதி, மொத்தம் 31. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை கிடையாது. முந்தைய தேர்தல்களில் கட்சிக்கு எவ்வளவு ஓட்டு விழுந்ததோ அதைப் பொறுத்தது. ஆஸ்டின் தொகுதிக்கு 8. ஹிலரி வாரிக் குவித்த எல்லையோரத் தொகுதிகளுக்கு 3, 4.

4 டெலிகேட் உள்ள தொகுதியில் 60-40 என்று ஜெயித்துப் பாருங்கள். 2.4, 1.6 வரும். முழு எண்ணை முதலில் கொடுத்தால் 2, 1. மிச்சமிருக்கும் ஒன்று பெரிய பின்னம் உள்ளவருக்கு. ஆக 2-2! இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தவருக்கு லாபம் பூஜ்யம். 62.5 தாண்டினால்தான் 3-1. ஆனால் 3 டெலிகேட் தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தாலும் 2-1. இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்க்காமல் டெலிகேட் பேசுகிறவரோடு என்ன பேசுவது?

அப்படிப் பிரித்துத்தான் மார்ச் 4 பிரைமரியின் (வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடும் உட்கட்சித் தேர்தல்) 126-ல் ஹிலரிக்கு 65, ஒபாமாவுக்கு 61. கவனியுங்கள், பிரைமரியில் ஹிலரிதான் முன்னிலை. அன்று இரவே நடந்த காகஸுக்கு (ஆதரவாளர்கள் நேரில் கூடி ஆதரவைப் பதியும் கூட்டம்) இன்னொரு 67. அதில் ஒபாமா 38, ஹிலரி 29. கூட்டினால் 99-94. அட்டையில் காகஸ் என்ற சொல்லே இல்லை. இருந்தால் அட்டை ஓடாதே!

"இரவு வேலைக்குப் போகிறவர் காகஸுக்கு எப்படி வருவார்?" நியாயமான கேள்விதான். பின்னாளில் டெக்சாஸே அந்த இரட்டை முறையைக் கைவிட்டது. ஆனால் அது விதியைப் பற்றிய கேள்வி. விதி இரண்டு அணிக்கும் முன்கூட்டியே தெரியும். ஒரு அணி படித்தது. அவ்வளவுதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 5-ஐப் பாருங்கள். பதினோரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த நியூ ஜெர்சியில் ஹிலரி 59-48, லாபம் 11. இருபதாயிரம் சொச்சம் பேர் வந்த ஐடஹோ காகஸில் ஒபாமா 15-3, லாபம் 12. பெரிய வெற்றியைச் சின்ன மாநிலம் சாப்பிட்டுவிட்டது. இதுவும் திருட்டா?

"மக்கள் ஓட்டைக் கூட்டினால் ஹிலரிதானே?" எதைக் கூட்டுவீர்கள்? மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. அயோவா, நெவாடா, வாஷிங்டன் காகஸ்களில் தலை எண்ணிக்கையைக் கட்சி வெளியிடவே இல்லை. உங்களுக்குத் தோதான வரிசையை மட்டும் கூட்டி அதற்கு மக்கள் தீர்ப்பு என்று பெயர் வைக்கிறீர்கள்.

என் அட்டவணை தப்பு என்பவர்கள் நீங்களே போட்டுப் பாருங்கள். தொகுதிக்கு ஒரு வரிசை. 15 சதவீதம் எட்டாதவர் ஓட்டை முதலில் கழியுங்கள். மிச்சத்தை நூறாகக் கொண்டு சதவீதத்தைத் திரும்பப் போடுங்கள், பிறகு பெருக்குங்கள். மாநில அளவிலான டெலிகேட்டுகளும் கட்சித் தலைவர்களுக்கான ஒதுக்கீடும் மாநில ஓட்டை வைத்துத்தான், ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். சேர்த்துப் பிரித்தால் ஒன்று இரண்டு இடம் மாறும். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். இன்னொரு பள்ளம்: செய்தித் தளங்கள் ஓட்டைக் கவுண்டிவாரியாக (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தரும், டெலிகேட் தொகுதிவாரி. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஒன்றுக்குள்ளேயே ஏகப்பட்ட தொகுதிகள். தபால் ஓட்டு எண்ணி முடிய வாரக்கணக்காகும். அதற்குள் ஒருவர் 14.9-லிருந்து 15-ஐத் தொட்டால் மற்ற எல்லார் எண்ணும் இறங்கும். 2020 கலிஃபோர்னியா பிரைமரியில் போட்டியிட்ட வாரனும் புளூம்பெர்க்கும் மாநில அளவில் 15 எட்டவில்லை. ஆனாலும் தொகுதிக் கணக்கில் 11-ம் 7-ம் வாங்கினார்கள். மாநில சதவீதத்தை மட்டும் பார்த்தவன் இருவருக்கும் பூஜ்யம் போட்டிருப்பான்.

குடியரசுக் கட்சிப் பக்கம் வேறு உலகம். 2016 தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், டெலிகேட் 50-க்கு 50. அதற்கு ஒரு அட்டை வந்ததா? வராது. அங்கே கோபப்பட உங்களுக்கு ஆள் இல்லை.

உண்மையில் கோபப்பட வேண்டிய ஒன்று இருந்தது. 2016-ல், ஹிலரிக்கும் சாண்டர்ஸுக்கும் நடந்த ஜனநாயகக் கட்சிப் போட்டியில், யாரும் ஓட்டே போடாத சூப்பர் டெலிகேட்டுகளையும் (கட்சிப் பதவியால் தானாக இடம்பெறும் பிரதிநிதிகள்) சேர்த்து டிவிக்காரர்கள் முன்னிலைப் பட்டை வரைந்தார்கள். கலிஃபோர்னியா ஓட்டுப் போடுவதற்கு முந்தைய நாள், ஜூன் 6 அன்று, ஏபி செய்தி நிறுவனம் அதே கூட்டலை வைத்து ஹிலரியை வேட்பாளர் என்று அறிவித்தது. சாண்டர்ஸ் ஆட்கள் கொதித்தது சரிதான். அன்று சூப்பர் டெலிகேட்டைத் தனிப் பத்தியில் போட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "ஹிலரி விரோதி". இன்று ஒபாமா பஜனை. ஒரே ஆள், ஒரே வகுத்தல்.

31 தொகுதியில் எதில் எந்த டெலிகேட் தப்பு என்று எண்ணோடு வாருங்கள், திருத்துகிறேன். அட்டையை மறுபடி ஒட்டினால் பிளாக்.