"அடிச்சானா"ன்னு மட்டும் கேக்காதீங்க

பெரிய எடத்துல வாக்கப்பட்ட பொண்ணு ஒருத்தி வாயத் தொறந்து, என் புருஷன் என்ன அடக்கி வெச்சிருக்காரு, மூச்சு விட முடியலன்னு சொன்னா நம்ம வேலூர் பக்கம் மொத கேள்வியே "அடிச்சானா, காயம் எதுனா கீதா"ன்றதுதான். இல்லன்னு சொன்னா அதோட கதை முடிஞ்சுது. அவரு எவ்ளோ பெரிய மனுஷன், திருவிழாவுக்கு அன்னதானம் போடறவரு, அவரு போய் இப்படி செய்வாரான்னு ஆரம்பிச்சுடுவாங்க. கேக்கும்போதே வயிறு எரியுது எனக்கு.

குடியாத்தத்துல ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்துல உக்காந்த அக்கா கழுத்து நெறைய நகை, சாம்பார் ஊத்திகினு வராங்க, அவங்களுக்கு புருஷன்கிட்டருந்து வீடியோ கால் வருது. எடுத்து மொகத்துக்கு நேரா புடிச்சுட்டு அப்படியே போன சுத்திக் காமிக்கறாங்க, இந்தப்பக்கம் நான், எதிர்ல ரெண்டு பாட்டி. கட் பண்ணி ரசம் வர்றதுக்குள்ள மறுபடியும் கால். "பாரு, எவ்ளோ பாசம்"னு ஒரு பாட்டி சொல்லுது. அக்கா பாயசம் வர்றதுக்கு முன்னாடியே எலய மூடிட்டு எழுந்துட்டாங்க. ஏடிஎம் கார்டு அவருகிட்ட, எங்கெங்க எறங்கினாங்கன்னு டிரைவர் சாயந்தரம் அவருக்கு ஒப்பிக்கணும், அம்மா வூட்டுக்குப் போவணும்னாலும் பர்மிஷன். அப்புறமா அவங்களே சொன்னது.

இதுல காயத்த எங்க காட்டுவாங்க சொல்லுங்க?

பவர் இருக்கறவன் கைய ஓங்கவே தேவையில்ல. ஸ்டேஷன்ல இருக்கறவங்க அவன் வூட்டுல காபி குடிக்கறாங்க, அவ அண்ணனுக்கு வேல போட்டுக் குடுத்ததே அவன்தான், இவ எங்க போய் சொல்லுவா? எல்லா வழியையும் அடைச்சு வெச்சுட்டு "இத்தினி வருசம் ஏம்மா சும்மா இருந்த"ன்னு அவளையே கேக்கறோம்.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல 3வது பிரிவு தெளிவா சொல்லுது, அடி மட்டும் இல்ல, வார்த்தையால மனச நோகடிக்கறது, பணத்த முடக்கி வெக்கறது எல்லாமே வன்முறைதான். இங்கிலாந்துல 2015ல இந்த மாதிரி ஆளக் கட்டுப்படுத்தி வெக்கறதையே தனி குற்றம்னு சட்டம் போட்டாங்க. நம்ம சட்டம் அதுக்கும் முன்னாடியே வந்தது, ஆனா நம்ம ஆளுங்க இன்னும் "அனுசரிச்சுப் போம்மா"லயே நிக்கறாங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்க 100 பேர்ல 38 பேர் புருஷன்கிட்ட அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்காங்கன்னு வந்துச்சு, கார்டு புடுங்கறது, ஆள் வெச்சு வேவு பாக்கறதெல்லாம் அந்தக் கணக்குலயே சேரல.

பொய் கேஸும் வருதேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அவ சொல்றத நம்பறதுன்னா ஒடனே புருஷன தூக்கி உள்ள போடறது இல்ல. இந்த 2005 சட்டத்துல மாஜிஸ்திரேட் மொதல்ல குடுக்கறது பாதுகாப்பு உத்தரவு, வூட்ட விட்டு அவள வெளிய தள்ளக்கூடாதுன்ற உத்தரவு, செலவுக்குப் பணம், இந்த மாதிரிதான். பாதுகாப்பு உத்தரவ மீறினாதான் 1 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அவரு தரப்பையும் கேப்பாங்க. அவ சொல்றதக் காது குடுத்துக் கேட்டா அவருக்கு இன்னா நஷ்டம்?

புகார் அவதான் குடுக்கணும்னு கூட இல்ல. மாவட்ட சமூகநலத்துறையோட பாதுகாப்பு அலுவலர்கிட்ட பக்கத்து வூட்டுக்காரங்களும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்துல சொன்னா நம்ம மேல கேஸ் வராது, 4வது பிரிவுலயே இருக்கு. பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் அடிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி, எப்ப பேசினா சேஃப், எந்த நம்பர்ல பேசணும்னு அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல கேட்டுக்கங்க, அவ போனையும் புருஷன் பாத்துகினு இருக்கலாம்.