எள்ளுப் பிரட்டின கெலவல்லா (யெலோஃபின் டூனா மீன்): வெளிப்பக்கம் சிவந்தா நஞ்சு போகாது

அண்ணா, மேல நீங்க போட்டிருக்கிற "ஃபிரெஷ் கெலவல்லாதானே, எள்ளுப் பிரட்டி தாச்சியில வெளிப்பக்கம் நல்லா சிவக்க விட்டா நஞ்சு ஒண்டும் மிஞ்சாது, உள்ள பச்சையா விடலாம்" எண்ட கதை பிழை. கெலவல்லா, சூரை மாதிரி மீன் வெக்கைக்குள்ள கிடந்தா அதில ஹிஸ்டமின் எண்ட நஞ்சு உண்டாகும், உண்டானாப் பிறகு பொரிச்சாலும் போகாது அவிச்சாலும் போகாது ஃபிரீசர்ல போட்டாலும் போகாது, நீங்க தொட்டுச் சாப்பிடுற சோயா சோஸ் தேசிக்காய்ப்புளிக்கும் அசையாது. கெட்ட மணமும் சில நேரம் வராது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, தலையிடிச்சு, உடம்பெல்லாம் கடிக்கும், சனம் அலர்ஜி எண்டு நினைச்சிடும்.

ஃபிரெஷ் எண்டுறதையும் பாருங்க, திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வாற பலநாள் படகு மீன் எத்தினை நாள் ஐஸில கிடந்தது எண்டு நமக்குத் தெரியாது, அதுக்குப் பிறகு பலகையில வெயில் வேற. வாங்கினவுடன ஐஸ் பெட்டி, வீட்டில 4 பாகை செல்சியஸுக்குக் கீழ, அவ்வளவுதான் வழி. ஹிஸ்டமினுக்கு இல்ல, கிருமிக்காக, கர்ப்பிணியளுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் நடுவும் வெளிறுற வரைக்கும் வேக விடுங்க.

எள்ளு கருகுது எண்ட தங்கச்சி, மீனை ஒத்தித் துடைச்சு, முட்டை வெள்ளைக்கரு தடவி எள்ளை அமத்துங்க, வெள்ளை எள்ளு பொன்னிறமானதும் திருப்புங்க. கறுப்பு எள்ளு மட்டும் போட்டா கருகினதே தெரியாது. சோஸுக்கு நம்மட நல்லெண்ணெய் சரிவராது, சீனாக்காரர்ட எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில எடுக்கிறது, அரைத் தேக்கரண்டியே காணும்.