இரண்டு விநாடி இடைவெளி

கடைசி நொடியில் பிரேக் அடித்து நூலிழையில் வண்டியை நிறுத்துபவரைப் பார்த்து "என்னமா ஓட்டுறார்!" என்று வியக்கிறோம். என் கணக்கில் அவர் நல்ல ஓட்டுநரே இல்லை. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டியதில் எத்தனை முறை பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை குறையக் குறையத்தான் கை தேறியிருக்கிறது என்று பொருள். திடீர் பிரேக்குக்கான காரணம் பெரும்பாலும் நாலைந்து விநாடிக்கு முன்பே உண்டாகிவிடும். முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போயிருப்போம், அல்லது அதன் பின்விளக்கைத் தாண்டி நம் பார்வை போயிருக்காது.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதாவது பிரேக் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே 17 முதல் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க அதற்கு மேல் சுமார் 20 மீட்டர் வேண்டும். ஈரச் சாலை என்றால் 35 மீட்டர்கூட ஆகலாம்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதைக் காதால் கேட்டால் போதாது, மனதில் படம் போல நிற்க வேண்டும். 50-இல் ஒரு வண்டி, 70-இல் ஒரு வண்டி, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் ஏறத்தாழ 49 கி.மீ. இருக்கும். "இருபதுதானே கூட" என்று நினைத்த அந்த இருபதின் விலை இது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்று யோசித்தால் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே இடைவெளி. அதை மீட்டரில் கணிக்கப் பார்க்காதீர்கள், ஓடும்போது கண் ஏமாற்றும். விநாடியில் எண்ணுங்கள். முன் வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தின் நிழலையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள், அதற்கு இரண்டு விநாடி ஆகும். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்தை அடைந்துவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள். மழையில் நான்கு விநாடி. இரவிலும், பாரம் ஏற்றியிருக்கும்போதும், முன்னால் இரு சக்கர வண்டி போகும்போதும் மூன்றுக்குக் குறையக் கூடாது. "இடம் விட்டால் எவனாவது நடுவில் புகுந்துவிடுவான்" என்பார்கள். புகட்டுமே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் அந்த இரண்டு விநாடி திரும்பக் கிடைத்துவிடும். பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் நம் முன் இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். அப்போதுதான் நாம் மெதுவாகப் பிரேக் பிடிக்க முடியும், அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும்.

அடுத்தது டயர். நான்கு டயரிலும் தரையைத் தொடுவது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பிரேக்கும் ஸ்டியரிங்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் இருக்கின்றன. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஓடிச் சூடான பிறகு அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது உச்ச வரம்பு, அதை வைத்து அடிக்காதீர்கள். வெயில் காலத்தில் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைப்பது மிகத் தவறான பழக்கம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. வேகமாகப் போகும்போது வெடிக்க அதுவே பெரிய காரணம்.

டயரின் வரிப்பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும், அவை 1.6 மி.மீ. ஆழத்தைக் குறிப்பவை. ரப்பர் அதுவரை தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் ஓட்டுபவர்கள் 3 மி.மீ. ஆகும்போதே மாற்றிவிடுவது நல்லது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பலரால் மீட்க முடியாது.

தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று இலேசானால் டயர் நீரின் மேல் மிதக்கிறது என்று பொருள். பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ரப்பர் மறுபடி தரையைப் பற்றும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசரத்துக்குப் பிரேக் மிதித்தால் பெடல் படபடவென்று அதிரும். பயந்து காலை எடுப்பவர்கள் நிறைய. அதிர்ந்தால் அது வேலை செய்கிறது, அழுத்தத்தை விடவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும், மிதித்தால் பெடல் பஞ்சு போல இறங்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் நடப்பதும் இதுதான். குறைந்த கியரில் என்ஜின் பிடித்து இறங்கட்டும்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. பின் இருக்கையில் பெல்ட் போடாதவர் மோதலில் முன் இருக்கைக்காரரின் மேல் போய் விழுவார், இருவர் உயிருக்கும் அது ஆபத்து. தலைசாய்ப்பானின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு இருக்கட்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் 25 செ.மீ. இருந்தால்தான் ஏர்பேக் விரிய இடம் உண்டு. பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கைப்பேசி பற்றி ஒரே கணக்கு: 90 கி.மீ. வேகத்தில் 5 விநாடி திரையைப் பார்த்தால் 125 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

தூக்கம் அதைவிட மோசம், அது சொல்லிக்கொண்டு வராது. கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லையென்றால், வண்டி ஓரக்கோட்டைத் தொட்டுத் தொட்டு மீள்கிறதென்றால், கண்ணாடியை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். காபி குடிப்பதானால் தூங்கும் முன் குடியுங்கள், அது வேலை செய்யவும் அவ்வளவு நேரம் ஆகும்.

எதிரில் ஹைபீம் கண்ணைக் கூசினால் பார்வையை நம் பக்கத்துச் சாலை ஓரக்கோட்டுக்கு மாற்றி வேகத்தைக் குறையுங்கள், பதிலுக்கு ஹைபீம் போடுவதால் இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போகும். லாரியை ஒட்டிப் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அவருக்கு நீங்களும் தெரியவில்லை.

வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறுபக்கத்துக் கையை நீட்டித் திறந்து பழகுங்கள். கை குறுக்கே போகும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிடும். சைக்கிளில் வருபவர் அப்போதுதான் கண்ணில் படுவார்.