கிரித் உங்கோல ஓர்க் கட்டல

டோல்கீனோட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில, மோர்டோர் (இருள் அதிபதி சௌரோனோட நாடு) எல்லைக் கோட்டை எல்லாமே ஓர்க் (அவனோட அரக்கப் படை) கட்டுனது, கோண்டோர் (மனுஷங்க ராஜ்ஜியம்) ஆளுங்க உள்ள வராம தடுக்கத்தான்னு மேல ஒருத்தர் போட்டிருக்கீங்க, அது தப்புங்க. மோர்டோர் மேற்கு மலைக் கணவாயில இருக்கிற கிரித் உங்கோல் கோபுரத்த கட்டுனதே கோண்டோர்தான், சௌரோன் கடைசிக் கூட்டணிப் போர்ல (மனுஷங்களும் எல்ஃபுங்களும் சேந்து அவன எதிர்த்த போர்) தோத்தப்புறம், உள்ள இருக்கிறதுங்க வெளிய தப்பிக்கக் கூடாதுன்னு. கோபுரத்தோட அமைப்பையே பாருங்க, முதுகு மலைச் சுவர் பக்கம், மூணு அடுக்கு மேல போகப் போக குறுகி, கொத்தளம் எல்லாம் வடகிழக்கும் தென்கிழக்குமா மோர்டோர் உள்பக்கத்த பாத்துதான் நிக்குது. துர்தாங் கோட்டையும் கோண்டோர் கட்டுனதுதான், மோர்டோர் வாசல்ல இருக்கிற ரெண்டு பல் கோபுரமும் அப்படித்தான். மூன்றாம் யுகம் (கதையோட காலக்கணக்கு) 1636ல கொள்ளைநோய் வந்து ஜனம் கொத்துக்கொத்தா செத்துச்சு, காவலுக்கு ஆள் இல்லாம போச்சு, அப்புறம் 2002ல மினாஸ் இதில்ங்கிற கோண்டோர் நகரமும் நாஸ்கூல் (சௌரோனோட ஒன்பது பேய் அடியாளுங்க) கைக்குப் போயி மினாஸ் மோர்குல் ஆச்சு. ஓர்க் அங்க குடியேறினது மட்டும்தான், கட்டுனவங்க பேரயே அழிச்சிடாதீங்க ப்ளீஸ்.