பருத்தி ஆலைக்குள் ஒரு ப்ளூஸ் அருங்காட்சியகம்

இசைக்கென்று அமைக்கப்படும் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் தொட்டும் வாசித்தும் பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸின் வரலாற்றைச் சொல்ல வரும் ஓர் இடம், பருத்தியையும் கடனையும் முதலில் காட்டிவிட்டுத்தான் கிடாரை நம் கையில் கொடுக்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் இந்தியனோலா ஊரில், ப்ளூஸ் பாடகரும் கிடார் கலைஞருமான பி.பி. கிங்கின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்து வந்த பிறகு இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டுவிட்டது.

2008-இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி, பழைய செங்கல் ஜின்னிங் ஆலை. பஞ்சிலிருந்து விதையைப் பிரித்தெடுத்த அந்த ஆலையில் 1940-களில் பி.பி. கிங்கே வேலை செய்திருக்கிறார். உலகம் அவரை அறிவதற்கு முன், ரைலி கிங் என்ற கூலித் தொழிலாளியாக அவர் நடமாடிய கட்டடத்துக்குள் நின்றுகொண்டு அவருடைய இசையைக் கேட்கிறோம். எத்தனை பெரிய தொடுதிரையை வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

அவர் 1925-இல், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தவர். அந்தப் பண்ணைகளில் நடந்தது, விளைச்சலில் ஒரு பங்கை நிலவுடைமையாளருக்குக் கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்யும் முறை. விதை, மாவு, துணி என எல்லாவற்றையும் நிலவுடைமையாளரிடமோ அவருடைய கடையிலோ கடனாக வாங்கி, அறுவடை முடிந்ததும் அவர் எழுதி வைத்த கணக்கின்படி தீர்க்க வேண்டும். கணக்குப் புத்தகம் அவர் கையிலேயே இருந்ததால், வருடம் முழுவதும் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்துக்குப் பல நேரங்களில் கடன்தான் மிஞ்சியது. 1946-இல், தான் ஓட்டிவந்த டிராக்டரின் புகைக்குழாய் உடைந்துவிட்டதும், முதலாளிக்குப் பயந்து கிங் கிடாரோடு மெம்பிஸ் நகருக்கு ஓடிப்போனார். பிறகு திரும்பி வந்து, அந்தச் சேதத்துக்கான பணத்தை உழைத்துக் கட்டிய பின்னரே மீண்டும் ஊரை விட்டுக் கிளம்பினார். ஓர் இயந்திரத்தின் குழாய் உடைந்ததற்கே இருபது வயது இளைஞன் ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தது என்றால், அங்கே நிலவிய அச்சத்தின் அளவை நாம் புரிந்துகொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் அவர் இந்தியனோலாவின் தெருமுனையில் அமர்ந்து பாடுவார். தேவாலயப் பாட்டைக் கேட்டவர்கள் தலையைத் தடவிப் பாராட்டிவிட்டுப் போனார்கள், ப்ளூஸ் பாட்டைக் கேட்டவர்களோ காசு போட்டார்கள் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாரம் முழுவதும் வயலில் கிடைத்ததைவிட அதிகமான பணம் சில நாட்களில் அந்தத் தெருமுனையிலேயே கிடைத்துவிடும். ப்ளூஸ் வேதனையிலிருந்து பிறந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். அது ஒரு பிழைப்புமாக இருந்தது, வயலிலிருந்து வெளியேறும் வழியாகவும் இருந்தது என்பதை இந்த ஊரில்தான் நான் சரியாக உணர்ந்தேன்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு கிடாரைக் கையில் எடுத்தால், அதன் தந்தியே வேறு மாதிரி பேசுகிறது. இடது கைவிரலால் தந்தியை அழுத்தி, அப்படியே பக்கவாட்டில் தள்ளினால் சுரம் மெல்ல மேலேறுகிறது. அங்கேயே மணிக்கட்டை அசைத்தால் அது நடுங்குகிறது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அசைவு அந்நியமாகத் தோன்றாது. கிங்கின் உறவினரான புக்கா ஒயிட், உலோகக் குழலைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிப்பதில் தேர்ந்தவர். அந்த வித்தை தன் கைக்கு வராததால், அதே ஒலியை வெறும் விரலாலேயே எழுப்ப முயன்று கிங் கண்டடைந்ததுதான் அந்த நடுக்கம். அவர் பாடிக்கொண்டே வாசித்தவரும் அல்லர்: ஒரு வரியைப் பாடி நிறுத்துவார், கிடார் பதில் சொல்லும். பன்னிரண்டு தாள அளவுகளுக்குள், முதல் வரியை இரு முறை சொல்லி மூன்றாம் வரியில் முடிக்கும் ப்ளூஸ் அமைப்பில் அந்தப் பதிலுக்கென்றே இடம் இருக்கிறது. எழுத்தில் விளக்கினால் நீண்டுபோகும் இந்தச் செய்தியை ஒரு முறை வாசித்துப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

செயின்ட் லூயிஸ் நகரில் 2016-இல் திறக்கப்பட்ட தேசிய ப்ளூஸ் அருங்காட்சியகம், பார்வையாளரையே இசைக்க வைக்கும் தொழில்நுட்பத்தில் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. அங்கே நாமே வரிகளைத் தேர்ந்தெடுத்து, மவுத்தார்கன், கிடார், பியானோ என ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு பாட்டை உருவாக்கிவிடலாம். பாட்டின் கட்டமைப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை; குழந்தைகளோடு செல்பவர்கள் தவறவிடக் கூடாது. ஆயினும் சோகத்தைத் திரையில் காட்டிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சோகத்துக்குக் காரணமானவர்கள் காட்சியிலிருந்து நழுவிவிடுகிறார்கள். வரலாற்றைச் சொல்லும் பகுதிகள் அங்கும் இருக்கின்றன. வெளியே வருபவர் நினைவில் தங்குவது தான் செய்த பாட்டு மட்டுமே என்பதுதான் என் கவலை.

இந்தியனோலாவில் அப்படி நழுவ வழியில்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதை எதிர்ப்பதற்காக வெள்ளையர் குடிமக்கள் மன்றம் முதன்முதலாகத் தோன்றியது அதே ஆண்டு ஜூலையில், இதே ஊரில்தான். அந்த ஊரில் இன்று ஒரு கறுப்பினக் கலைஞரின் பெயரால் அருங்காட்சியகம் நிற்கிறது. 2015-இல் மறைந்த அவருடைய உடலும் அதன் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இதைப் பழி தீர்ந்த கதையாக நான் பார்க்கவில்லை. டெல்டா எனப்படும் இந்தப் பருத்தி நிலப்பகுதி இன்றும் அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளில் ஒன்று.

செல்ல வாய்ப்புள்ளவர்கள் இந்தியனோலாவை முதலில் பாருங்கள். பிறகு வடக்கே கிளார்க்ஸ்டேலுக்குச் செல்லுங்கள். ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிசையின் எஞ்சிய பகுதி அங்குள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சிகாகோவுக்குப் புறப்பட்டது 1943-இல். அதற்கு அடுத்த ஆண்டே, அதே ஊரையொட்டிய ஹாப்சன் பண்ணையில் விதைப்பு முதல் பொதி கட்டுவது வரை முழுக்க இயந்திரங்களாலேயே பருத்தி விளைவிக்கப்பட்டது. டெல்டாவின் வயல்களில் கைகளின் தேவை குறையத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் சிகாகோவின் இரைச்சலான மதுக்கூடங்களில் கிடாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது. செயின்ட் லூயிஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரியைத் தேர்ந்தெடுப்பது என்று அங்கே திரை கேட்கும்போது சற்று நேரம் யோசிப்பீர்கள்.