அந்த 12 நொடிகளுக்கு என் பதில்

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று இரவும் நாலு பேர் அதே பதிவை எனக்கு அனுப்பி, "பார்த்தீங்களா?" என்று கேட்டபிறகு முடியவில்லை. பார்த்தேன். முழுவதும் படித்தேன். கீழே வரிசையாக விழுந்திருந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தேன். அவற்றில் இரண்டு, என் வீட்டுக்கு வந்து என் பழைய வீடியோ கேம் கன்சோலில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியவர்கள் போட்டவை.

தெரியாதவர்களுக்காக விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டது பழைய கேம் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்திருக்கும், கன்சோலில் செருகுகிற பெட்டி) ஒன்றைப் பழுதுபார்க்கும் 40 நிமிடக் காணொளி. அதில் கார்ட்ரிட்ஜைப் பிரித்து, சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் 12 நொடியை மட்டும் நண்பர் ஒருவர் வெட்டியெடுத்துப் பதிவாகப் போட்டார். மேலே ஒரு வரி: "இவர்கள் நேசிப்பது கேமை இல்லை, தங்கள் பத்து வயதை."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. பழைய கேம்களை நேசிப்பவர்கள் எல்லோரும் ஏக்கத்தில் கிடப்பவர்கள் என்பது, அந்தக் கேம்களை ஒழுங்காகப் பார்க்காதவர்கள் சொல்வது. அவை நன்றாகச் செய்யப்பட்டவை. அதனால் நேசிக்கிறோம். முதல் காரணம் அதுதான்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முழு கேமும் 40 கிலோபைட். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அது ஓடிய நின்டென்டோ கன்சோலுக்கு இருந்த வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இடம் பற்றவில்லை என்பதால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வெள்ளை என்றால் மேகம், பச்சை என்றால் புதர். எத்தனை வருடம் விளையாடினோம், யாருக்காவது தெரிந்ததா?

அதன் முதல் திரையை மட்டும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. போக வேண்டிய திசை அது என்று யாரும் சொல்லவில்லை, நாமே போகிறோம். ஒரு காளான் பூதம் எதிரே வருகிறது. மோதினால் சாவோம். அடுத்த முறை குதிக்கிறோம். குதிக்கும்போது தலை தற்செயலாகக் கட்டத்தில் முட்டி, காசு வருகிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், மொழியே தெரியாத குழந்தைக்கும் அரை நிமிடத்தில் கேமின் விதிகள் புரிந்துவிடுகின்றன. இதை ரசிப்பதற்கு நான் பத்து வயதாக இருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் பத்து வயதில் இது எதுவுமே எனக்குத் தெரியாது. இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் நின்டென்டோ டெட்ரிஸில் 157ஆவது லெவலுக்குப் போய், கேமே தாங்காமல் உறைந்து நிற்கும் இடத்தைத் தொட்டான். அந்த கேம் வந்தது 1989இல். அதுவரை கணினி நிரல்கள் தொட்டிருந்தனவே தவிர, மனிதர் எவரும் அங்கே போனதில்லை. அவன் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கும் முன்னால் செய்த கேம் அது. அந்தப் பையன் யாருடைய பத்து வயதுக்கு ஏங்கினான்? அவனுக்குத் திரும்பிப் போக எந்த 1989 இருந்தது? அந்தப் பதிவைப் போட்ட நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்றைக்கும் அந்தப் பழைய கன்சோலுக்குப் புதிதாக கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் அப்படி ஒன்று. அதையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கினார்கள், நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். கவிஞனுக்கு வெண்பாவின் கட்டு எப்படியோ, இவர்களுக்கு அந்த 40 கிலோபைட் அப்படி. இன்று வெண்பா எழுதுகிறவரைப் பார்த்து "நீங்கள் பழைய காலத்துக்கு ஏங்குகிறீர்கள்" என்று யாராவது சிரிப்பார்களா?

சரி, வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

"பழைய கேம்களில் பாதி குப்பை" என்கிறார்கள். ஆமாம், குப்பையும் இருந்தது. ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் காட்ட முடியாமல் நின்டென்டோவில் எல்லாம் மினுக்கும். முதல் பிளேஸ்டேஷனில் சுவர்கள் நெளியும். எந்தக் காலத்திலும் எந்தக் கலையிலும் நல்லது கொஞ்சம்தான். விட்டுவிடுவோம்.

"எமுலேட்டர் இருக்கிறது, போனிலேயே விளையாடலாம், எதற்கு இந்தப் பழைய இரும்பு?" இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள், அதுவும் நான் கேள்விப்படாத விஷயத்தைச் சொல்லித் தருகிற தொனியில். பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்தான் எமுலேட்டர். எனக்கு அதன் மேல் கோபம் எதுவும் இல்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். பல கேம்கள் இன்று உயிரோடு இருப்பதே எமுலேட்டர் எழுதியவர்களால்தான். ஆனால் அதனால் கன்சோல் வெறும் இரும்பாகிவிடாது.

1991இல் வந்த சோனிக் என்ற கேமின் முதல் கட்டத்தில் ஓர் அருவி உண்டு. இன்றைய தட்டையான திரையில் பார்த்தால் அது செங்குத்துக் கோடுகளின் வரிசை. ஒரு கோடு நீலம், ஒரு கோடு காலி. அசிங்கமாகத்தான் இருக்கும். அதையே அந்தக் காலத்து மஞ்சள் முனைக் கம்பி வழியாகப் பிக்சர் டியூப் டிவிக்கு அனுப்பினால், கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக மாறிவிடும். டிவியின் மங்கலையே தூரிகையாக வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். போனில் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு "பழைய கேம் கிராபிக்ஸ் மோசம்" என்று சொல்பவர், அவர்கள் வரைந்த படத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

நின்டென்டோவின் டக் ஹன்ட் கேமில் வாத்து சுடும் துப்பாக்கி நினைவிருக்கிறதா? விசையை அழுத்திய கணத்தில் திரை ஒரு நொடியின் சின்னத் துணுக்குக்குக் கறுப்பாகும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் இருக்கிற ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா இல்லையா, அவ்வளவுதான் கணக்கு. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, திரையைப் பார்க்கிறது! புதிய டிவியில் படம் சற்றுத் தாமதமாக வருவதால் அது வேலையே செய்யாது. அதனால்தான் என் வீட்டு மூலையில் அந்தக் கனத்த டிவி இன்னும் நிற்கிறது. அலங்காரத்துக்கு நிற்கவில்லை.

அப்புறம் "கோடிக்கணக்கில் விலை வைத்து ஏலம் விடுகிற கூட்டம்" என்று எங்களையும் சேர்த்துச் சொன்னார் ஒருவர். 2021இல் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கேம் பெட்டி ஒன்று 15 லட்சம் டாலருக்கும் மேல் போனது உண்மை. அந்தப் பெட்டியை வாங்கியவர் அதைத் திறக்க மாட்டார், விளையாடவும் மாட்டார். என் கார்ட்ரிட்ஜ்களின் மேல் ஒட்டிய தாள் பாதி கிழிந்திருக்கிறது. ஒன்றின் பின்னால் என் கிறுக்கல் கையெழுத்தில் பெயர் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. நாங்கள் சிரிப்புக்குரியவர்கள் என்றால், இந்த வேலையை வேறு யார் செய்வார்கள்? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எண்பத்தேழு! நூறு புத்தகத்தில் பதின்மூன்றுதான் மறுபதிப்பில் இருக்கிறது, மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் தேட வேண்டும் என்றால் எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டு மார்ச்சில் நின்டென்டோவின் வீ யூ, 3டிஎஸ் என்ற இரண்டு கன்சோல்களின் இணையக் கடைகளும் மூடப்பட்டன. அங்கே மட்டுமே விற்ற கேம்களை இனி வாங்க வழியே இல்லை. நூலகங்கள் தாங்கள் பாதுகாத்து வைத்திருக்கிற, கடையில் கிடைக்காத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதையும் மறுத்துவிட்டது. யாராவது சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவார்களாம், எதிர்த்தவர்களின் பயம் அது.

நிறுவனங்கள் காப்பாற்றவில்லை. நூலகங்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. மீதி இருப்பது யார்? வார இறுதியில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு கார்ட்ரிட்ஜைத் திறக்கிறவர்கள். கறுத்துப்போன முனைகளை ஆல்கஹாலும் பஞ்சும் வைத்துத் துடைக்கிறவர்கள். (வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் ஊதினோம், ஆனால் எச்சில் ஈரம் முனைகளை அரித்துவிடும்.) வீங்கிய கெபாசிட்டரை மாற்றுகிறவர்கள். அந்த 12 நொடியில் நீங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

அந்த 12 நொடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணொளியில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அது லெஜண்ட் ஆஃப் செல்டா, 1987இல் வந்த தங்க நிறக் கார்ட்ரிட்ஜ். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக அதற்குள் ஒரு சின்ன வட்ட பேட்டரி வைத்திருப்பார்கள். சேமித்த ஆட்டத்தை அந்த பேட்டரிதான் தாங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போய்விடும். மின்சாரத்தை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அணைக்க வேண்டும், இல்லையென்றால் சேமித்தது கெட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அந்தப் பொத்தானை அழுத்துவது என் வேலை, பவரை அணைப்பது அக்காவின் வேலை. "பிடிச்சிருக்கியா? விட்டுடாதே" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுத்தான் அணைப்பாள்.

மொத்தம் மூன்று பேர் சேமிக்கலாம். முதல் இடத்தில் என் பெயர். இரண்டாவது இடத்தில் ஆங்கில எழுத்தில் "அக்கா". அந்தப் பெயரை அடித்தது நான். அவளுக்கு வேறு பெயர் உண்டு என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த உலகத்தின் மேல்தளம் 128 திரை, 16க்கு 8. அக்கா கணக்கு நோட்டில் 128 கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக வரைந்து நிரப்பினாள். எந்தப் பாறையைக் குண்டு வைத்தால் குகை திறக்கும், எந்த மரத்தை எரித்தால் படி தெரியும், எல்லாம் அதில் இருந்தது. கீழ் வரிசையில் ஒரு கட்டத்தில் மட்டும் கேள்விக்குறி. அதற்குள் அவள் படிக்க விடுதிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேருமே வேறு ஆட்களாக இருந்தோம். சண்டை எதுவும் இல்லை. பேச்சு தானாகவே குறைந்து போயிற்று.

பழைய பேட்டரியைக் கழற்றினால் சேமித்தது அழிந்துவிடும். அதனால் முதலில் ஒரு கருவி வைத்து அதைக் கணினியில் எடுத்துவிட்டு, புது பேட்டரியைப் பற்றவைத்து, மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்று எத்தனை தடவை பார்த்தாலும் கை நடுங்கத்தான் செய்யும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், ஆமாம். உள்ளே அக்கா இருந்தாள். கேமை ஆயிரம் இடத்திலிருந்து தரவிறக்கலாம், எனக்கும் தெரியும். அந்த இரண்டாவது வரியை எங்கேயிருந்து தரவிறக்குவீர்கள்?

சரி, இது ஏக்கம்தான். சொல்லிவிட்டேன். மேலே அவ்வளவு நேரம் இல்லை இல்லை என்று வாதாடினேன், அதில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. மாரியோவின் முதல் திரைக்கு என் ஏக்கம் தேவையில்லை, டெட்ரிஸ் ஆடிய பையனுக்கும் தேவையில்லை. எனக்கு இரண்டும் இருக்கிறது. இருந்தால் என்ன குற்றம்? தாத்தாவின் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து கட்டிக்கொள்கிறவனைப் பார்த்து யாரும் 12 நொடிப் படம் போடுவதில்லையே. கேம் என்றதும் மட்டும் ஏன் பொம்மை ஆகிவிடுகிறது?

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம், இதையெல்லாம் உங்களிடமே சொல்லியிருப்பேன்.

வேலை முடிந்து கன்சோலில் போட்டபோது மூன்று வரியும் அப்படியே வந்தன. என் பெயர், "அக்கா", காலியாக ஒன்று. அவள் பெயருக்குப் பக்கத்தில் பதினொரு இதயம். போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பல மாதத்துக்குப் பிறகு நான் அனுப்பிய முதல் செய்தி அது. இரண்டு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது:

"கீழ் வரிசைல ஒரு கேள்விக்குறி போட்டேனே, அது என்னன்னு கண்டுபிடிச்சியா?"

இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். நோட்டை எடுத்து வைக்கச் சொன்னாள்.