எட்டு நாள் சமத்துவத்துக்கு எஸ்டிமேட்

(கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்ட். வீட்டு கராஜ். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் எட்டு நாள் கூடாரமடித்துத் தங்கும் பர்னிங் மேன் விழாவுக்கு மாப்பிள்ளை கார்த்தி மூட்டை கட்டுகிறார். மாமனார் சுந்தரம், கூட்டுறவுத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர். கையில் சிவப்புப் பேனா.)

சுந்தரம்: எல்லாரும் சமம்னு சொன்னீங்களே மாப்ளே, லிஸ்ட் என்ன மூணு பக்கம் போகுது?

கார்த்தி: அங்க காசே செல்லாது மாமா. கடை இல்ல, விளம்பரம் இல்ல. ஒருத்தர் தோசை ஊத்திக் குடுப்பார், இன்னொருத்தர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார். எல்லாம் இனாம். பதிலுக்கு எதுவும் குடுக்கணும்னுகூட இல்ல. காபி வித்துக்கிட்டிருந்தாங்க, அதையும் 2022-ல நிறுத்திட்டாங்க. ஐஸ் மட்டும் காசுக்கு.

சுந்தரம்: காசு செல்லாத ஊருக்குள்ள நுழைய எவ்வளவு காசு?

கார்த்தி: 2024-ல டிக்கெட் 575 டாலர். வண்டிக்குத் தனியா 150. வரி அதுக்கு மேல. 2025-ல 550-லேர்ந்து 3000 வரைக்கும் பல விலை வச்சாங்க.

சுந்தரம்: 3000 குடுத்தவனுக்கு முன்வரிசையா?

கார்த்தி: இல்லீங்க, அதே புழுதிதான். வசதி இல்லாதவங்களுக்கு அந்த வருஷம் 225-க்கும் டிக்கெட் இருந்துச்சு. வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்கணும்.

சுந்தரம்: தாசில்தார் கையெழுத்து போட்டா? சரி, டிக்கெட்டைக் குறைச்சான். லீவை யாரு குடுப்பா? மணிக்கூலிக்காரன் எட்டு நாள் போனா எட்டு நாள் கூலி போச்சு. (குறித்துக்கொண்டு) அடுத்து, 'வினிகர் ஒரு கேலன்'. ஊறுகாய் போடறீங்களா?

கார்த்தி: காலுக்கு மாமா. அது வத்திப்போன ஏரிப் படுகை, மண்ணுல காரத்தன்மை ஜாஸ்தி, சோடா உப்பு மாதிரி. வெறுங்கால்ல நடந்தா தோல் பாளம் பாளமா வெடிச்சிடும். வெறும் தண்ணில கழுவினா காரம் போகாது. வினிகர் கொஞ்சம் கலந்து துடைச்சு, க்ரீம் தடவி, சாக்ஸ் மாட்டிக்கிட்டுப் படுக்கணும்.

சுந்தரம்: அந்த வெடிப்பு பணக்காரன் காலையும் விடாதுல்ல? டிக். தண்ணி?

கார்த்தி: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், ஆறு லிட்டர் கிட்ட. எட்டு நாளைக்கு 12 கேலன். அஞ்சு கேலன் கேன் மூணு. பாத்திரம் கழுவின தண்ணியைக்கூட அங்க கொட்டக் கூடாது, திரும்பத் தூக்கிட்டு வரணும். எல்லாரும் கிளம்பினப்புறம் ஆளுங்க வரிசையா நடந்து தரையைத் துழாவி, எந்த இடத்துல குப்பை கிடந்துச்சுன்னு பச்சை, மஞ்சள், சிவப்புல வரைபடமே போடுவாங்க.

சுந்தரம்: (முகம் மலர்ந்து) தணிக்கை! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இது என்ன, 'முறுக்குக் கம்பி எட்டு'? வீடு கட்டறீங்களா?

கார்த்தி: கூடாரத்துக்கு. கடையில கூடாரத்தோட குடுக்கற முளையைக் காத்து பிடுங்கிப் போட்டுடும். ரெண்டடிக் கம்பியைக் கொக்கி மாதிரி வளைச்சு அடிக்கணும். வளைக்கலைன்னா நுனியில டென்னிஸ் பந்தைக் குத்தி வைக்கணும். இல்லாட்டி இருட்டுல எவன் காலையாவது கிழிச்சிடும்.

சுந்தரம்: கோடீஸ்வரனும் குனிஞ்சு கம்பி அடிப்பானா?

கார்த்தி: (செருமுகிறார்) சில பேர் விமானத்துல வருவாங்க மாமா. விழாவுக்குன்னே தற்காலிக ஓடுபாதை போடுவாங்க. அவங்க முகாம்ல ஏசி, சமையல்காரர், சைக்கிள் எல்லாம் தயாரா இருக்கும். வேலைக்கு வச்ச ஆளுங்களுக்கு 'ஷெர்பா'ன்னு பேரு.

சுந்தரம்: காசு செல்லாத ஊர்ல சம்பளத்துக்கு ஆளா?

கார்த்தி: சம்பளத்தை வெளியில குடுத்துடுவாங்க.

சுந்தரம்: (எழுதுகிறார்) 'பேரேட்டில் வராத செலவு'.

கார்த்தி: நிர்வாகமும் சும்மா விடலை. லட்சம் டாலர் வரைக்கும் பேக்கேஜ் போட்ட ஒரு முகாமை 2019-ல வரவே கூடாதுன்னுட்டாங்க. ஆனா 2023-ல நிஜமாவே சமத்துவம் வந்துச்சு மாமா! மழை கொட்டி மண்ணு சேறாயிடுச்சு. வண்டி எடுக்கக் கூடாதுன்னு கேட்டைச் சாத்திட்டாங்க. எழுபதாயிரம் பேர் மாட்டிக்கிட்டாங்க. கழிப்பறை சுத்தம் பண்ற லாரிகூட நகர முடியலை.

சுந்தரம்: பெரிய மனுஷனும் மாட்டினானா?

கார்த்தி: நடிகர் கிறிஸ் ராக், டிஜே டிப்லோ ரெண்டு பேரும் சேத்துல ஆறு மைல் நடந்தே வெளியில வந்தாங்க.

சுந்தரம்: பரவாயில்லையே, நடந்தாங்களா!

கார்த்தி: அப்புறம் ஒரு ரசிகர் தன் பிக்கப் வண்டியில ஏத்திக்கிட்டார்.

சுந்தரம்: மத்தவங்க?

கார்த்தி: முக்கால்வாசிப் பேர் திங்கட்கிழமை வழி திறக்கற வரைக்கும் உள்ளயே கிடந்தாங்க.

சுந்தரம்: உங்களுக்கு ரசிகர் யாராவது உண்டா மாப்ளே?

கார்த்தி: உங்க பொண்ணே இல்லீங்க மாமா.

சுந்தரம்: (மூணை அடித்துவிட்டு) அப்ப தண்ணி கேன் அஞ்சு.